ஆயிரத்தெட்டுத் தோப்புக்கரணமும் ஒரு மீன் தலையும்

உங்களுக்கு என்றைக்காவது சிறுநீர் கோப்பி ஓ நிறத்தில், அதாவது பால் கலக்காத கறுப்புக் கோப்பி மாதிரி போனால், உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் தேடி ஓடாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் குணாவைப் பற்றிச் சொல்லாமல் என் சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்ல முடியாது போலிருக்கிறது.

குணா என் சகலை. என் மனைவி தேவகியின் தங்கையைக் கட்டியவன். வயது நாற்பத்து மூன்று. காம்பாரில் வங்கி வேலை. தினமும் சாயங்காலம் அங்கே ஈயம் தோண்டிய பழைய குட்டையான ஏரியைச் சுற்றி ஓடுவான். தொந்தி கிடையாது, கோபம் கிடையாது, யாரைப் பார்த்தாலும் முதலில் சிரிப்பு. என்னை ‘அண்ணே’ என்பான், அதையும் மனதாரச் சொல்வான். அப்படிப்பட்ட ஒருவனைப் பிடிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பதினைந்து வருஷமாக நான் அந்தக் கஷ்டத்தைப் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் லெட்சுமணன். நாற்பத்தெட்டு வயது. ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர், உட்கார்ந்த வேலை. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்றால் குணா குடும்பம் காம்பாரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். தேவகி மீன் தலைக் கறி வைப்பாள். பரிமாறுவது மாமியார். அதில் ஒரு வழக்கம் உண்டு. மாமனார் இருந்தவரை தலை அவருக்கு. அவர் போன பிறகு மூத்த மாப்பிள்ளைக்கு. அத்தை தன் கையால் எடுத்து என் தட்டில் வைப்பார். பத்து வருஷமாக அது என் தலை.

போன வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அகப்பை என் தட்டைத் தாண்டிப் போனது.

“சின்ன மாப்ள ஓடுறவரு லா, அவருக்குத்தான் தெம்பு வேணும்,” என்றார் அத்தை. “நீங்க உக்காந்துதானே இருக்கீங்க மாப்ள.”

குணா பதறிப்போனான். “ஐயோ அத்த, அண்ணனுக்கு வைங்க. எனக்கு வேணாம்.”

“வச்சது வச்சதுதான். சாப்புடுங்க.”

“பரவால்ல தம்பி, சாப்புடு,” என்றேன் நான். வால் துண்டைத் தின்றேன். வயிறு எரிகிறது என்று சொல்வார்களே, அதை நான் வெறும் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையாகவே எரிந்தது. நெஞ்சுக்குக் கீழே, சாயங்காலம் வரைக்கும்.

அந்த எரிச்சல் ஆறுவதற்குள் அவன் ஒரு ஆராய்ச்சியைக் கொண்டுவந்தான். காம்பார் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, உடம்பு நெருக்கடியை எப்படித் தாங்குகிறது, உடற்பயிற்சி அதற்கு எப்படி உதவுகிறது என்று பார்க்கிறார்களாம். ஏரியில் இவன் ஓடுவதைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்களாம்.

“ஓடாத ஆளும் வேணுமாம்ணே,” என்றான் சிரித்துக்கொண்டே. “நான் ஒங்க பேரக் குடுத்தேன்.”

ஓடாத ஆள்! தேவகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்காகவே போனேன்.

குழுவில் புவனா என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும். நெஞ்சில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டு, பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் கையை முக்கி வைக்கச் சொன்னாள். பிறகு முகத்தில் சிரிப்பே இல்லாத இரண்டு பேருக்கு முன்னால் நிறுத்தி, ஆயிரத்திலிருந்து பதிமூன்று பதிமூன்றாகக் கழித்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றார்கள். தப்பினால் மறுபடியும் ஆயிரத்திலிருந்து. நான் ஆறு தடவை ஆயிரத்துக்குப் போனேன். அப்புறம் சைக்கிள். இடையிடையே பஞ்சைக் கடித்து எச்சில் கொடுக்க வேண்டும். பயமோ கோபமோ அவமானமோ வந்தால் உடம்பில் கார்ட்டிசோல் என்று ஒன்று கூடுமாம். எச்சிலில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

எல்லாம் முடிந்ததும் புவனா திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினாள். “நாடி ஏறுறது தப்பில்ல அங்கிள். எல்லாருக்கும் ஏறும், ஏறணும். எவ்ளோ சீக்கிரம் எறங்குதுன்றதுதான் முக்கியம். ஒங்களுக்கு ஏறுனா எறங்க மாட்டேங்குது. அண்ணனுக்குப் பாருங்க, கடகடன்னு எறங்கிருச்சு.”

நான் அங்கிளாம், அவன் அண்ணனாம். ஐந்தே வயது வித்தியாசம்.

இருவர் மணிக்கட்டிலும் ஒரு கறுப்பு வாட்ச் கட்டிவிட்டார்கள். இரவும் பகலும் நாடியைப் பதிந்துகொண்டே இருக்குமாம். கழற்றக் கூடாது. ஆறு வாரம் கழித்து மறுபடி அதே சோதனை. காரில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். ஆறு வாரத்தில் அந்தக் கோட்டில் குணாவை முந்த வேண்டும். அதுவும் நான் முயற்சி செய்தேன் என்று ஒரு பயலுக்கும் தெரியக் கூடாது.

முருகன் என்னை மன்னிக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக அறிவித்தேன்.

“என்னங்க திடீர்னு?” என்றாள் தேவகி.

“வேண்டுதல்.”

“என்ன வேண்டுதல்?”

“வெளிய சொல்லக் கூடாது.”

விரதம் என்றால் ஒரு வேளைச் சாப்பாடு, எடை குறையும், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். விரதம் இருக்கிற வீட்டில் மீன் ஆக்க மாட்டார்கள். மீன் இல்லையென்றால் தலை ஏது? இத்தனையும் யோசித்துத்தான் செய்தேன். உடற்பயிற்சிக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பிளாட்டின் ஓரத்தில் அரச மரத்தடிப் பிள்ளையார் ஒருவர் இருக்கிறார். விடிவதற்கு முன் குளித்துவிட்டு அவருக்கு முன்னால் நின்று, கையை மாற்றிக் காதைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து, நூற்றெட்டுத் தோப்புக்கரணம். ஒரு வாரத்தில் இருநூற்றெட்டு. பிறகு முந்நூற்றெட்டு. வேலைக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். அத்தைகூட, “பெரிய மாப்ளைக்கு என்னா பக்தி பாத்தியா,” என்று அக்கம்பக்கத்தில் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் மீன் நிற்கவில்லை. மீன் இல்லாமல் அத்தைக்குச் சாப்பாடு இறங்காது என்று குணா ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து அவரைக் காம்பாருக்குக் கூட்டிக்கொண்டு போனான். நானும் தேவகியும் வீட்டில் சாம்பார் சாப்பிடுவோம். சரியாக ஒரு மணிக்கு குடும்ப வாட்சாப் குழுவில் ஒரு படம் வந்து விழும். மேசை, அத்தை, தேவகியின் தங்கை, அவர்கள் பிள்ளைகள், நடுவில் குணாவின் தட்டு. தட்டில் தலை. முதல் வாரம் பார்க்கக் கூடாது என்று போனைக் கவிழ்த்து வைத்தேன், பிறகு எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது வாரத்திலிருந்து பன்னிரண்டே முக்காலுக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் காத்திருக்க ஆரம்பித்தேன். நாலாவது வாரம் படத்தின் கீழே அத்தையின் குரல் பதிவும் வந்தது: “தல இன்னிக்கும் சின்ன மாப்ளைக்குத்தான்!” பின்னால் எல்லாரும் சிரிக்கிற சத்தம்.

மறுநாள் திங்கட்கிழமை. ஆயிரத்தெட்டு.

அறுநூறில் தொடை நடுங்கியது. எண்ணூறில் ஒரு தடவை பிள்ளையாரைக் கூப்பிட்டேன், ஒரு தடவை குணாவைத் திட்டினேன். பூசை முடியும்வரை தண்ணீர் குடிப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வேறு. கடைசி எட்டை மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை இரண்டு தொடையும் கல்லாகிவிட்டன. கழிவறையில் உட்கார முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. தேவகியிடம் ஸ்டோரில் சாமான் தூக்கியபோது பிடித்துக்கொண்டது என்றேன். புதன்கிழமைதான் அந்தக் கோப்பி ஓ. விரதச் சூடு என்று சொல்லி மூன்று இளநீர் வாங்கிக் குடித்தேன். வியாழன் காலையில் சிறுநீரே அரைக் கோப்பைதான் வந்தது. வாந்தி எடுத்தேன். தேவகி கார் சாவியை எடுத்தாள்.

ஈப்போவில் அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நேரம் வேறு மாதிரி ஓடும். ஆனால் என் சிறுநீர்க் குப்பியைப் பார்த்த நர்ஸ் என்னை வரிசையிலிருந்து எடுத்து உள்ளே தள்ளினார். சாயங்காலத்துக்குள் மூன்று முறை ரத்தம், ஒரு ஸ்கேன், மூத்திரக் குழாய், அதன் முனையில் கட்டிலோரம் தொங்கும் ஒரு பை, கையில் சலைன்.

இளம் மலாய்ப் பெண் டாக்டர் ஒருவர் வந்து, எனக்குப் புரிகிற மாதிரி மலாயில் மெதுவாகச் சொன்னார். வியாதியின் பெயர் ராப்டோமயோலைசிஸ். தசை நார்கள் உடைந்து, உள்ளே இருக்கிற சிவப்புப் புரதம் ரத்தத்தில் கொட்டிவிட்டது. அந்தப் புரதம்தான் கோப்பி நிறம். அது சிறுநீரகத்தில் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. தசை எவ்வளவு உடைந்தது என்று காட்டும் ஒரு கணக்கு, இருநூறுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது, எனக்கு எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்குக் கிரியேட்டினின் என்று இன்னொன்று. அது ஏறிக்கொண்டே போனால் டயாலிசிஸ்.

“கடுமையாக உடற்பயிற்சி ஏதாவது செய்தீர்களா?” என்று கேட்டார்.

கட்டிலின் ஒரு பக்கம் தேவகி நின்றாள். மறுபக்கம் குணா, வங்கிச் சட்டையோடு ஓடி வந்திருந்தான். செய்தேன் என்றால் எதற்கு என்பார்கள். எதற்கு என்றால்? மீன் தலைக்கு என்பதா?

“இல்லை,” என்றேன். “விரதம், சாமி கும்பிடுவது, அவ்வளவுதான்.”

தோப்புக்கரணம் சாமி கும்பிடுவதுதானே! பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு பதிலால் டாக்டர்கள் இல்லாத காரணத்தைத் தேட ஆரம்பித்தார்கள். ஸ்டோரில் எலி உண்டா என்று கேட்டு எலிக் காய்ச்சலுக்குச் சோதித்தார்கள். அதற்கு மருந்தும் ஊசியில் ஏற்றினார்கள். நாட்டு மருந்து சாப்பிட்டாயா, கொழுப்பு மாத்திரை சாப்பிட்டாயா என்று ஒவ்வொரு டாக்டராக வந்து கேட்டார்கள். தசையில் கொஞ்சம் வெட்டி எடுத்துப் பார்க்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. ஒவ்வொருவருக்கும் நான் “விரதம்தான்” என்றேன். கிரியேட்டினின் தினமும் காலையில் ஒரு படி ஏறியது.

குணா தினமும் வந்தான். காம்பாரிலிருந்து வேலை முடிந்து வந்து, என் காலை அமுக்கிவிட்டு, தேவகிக்குக் கடையில் பொங்குஸ் செய்த சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போவான். பக்கத்துக் கட்டில் சீனத் தாத்தாவுக்கு ரேடியோவை ரிப்பேர் செய்து கொடுத்தான். இரண்டே நாளில் வார்டு முழுக்க அவனுக்குச் சொந்தம். சிஸ்டர் பரமேஸ்வரி, “ஒங்க தம்பி தங்கமான மனுசன் லா,” என்றார். தம்பி இல்லை, சகலை என்று நான் திருத்தினேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. அதிகாலையில் ஹுத்தான் மெலிந்தாங் வரைக்கும் கார் ஓட்டிப்போய், சிநேகிதன் தோப்பில் இறக்கிய இளநீரை ஒரு பெரிய பிளாஸ்க் நிறையக் கொண்டுவந்தான்.

“கடலோரத்து எளநிண்ணே. சூடெல்லாம் எறங்கிரும்.”

தேவகி டம்ளரில் ஊற்றிக் கொடுக்கக் கொடுக்க, பிளாஸ்க்கைக் காலி செய்தேன். மத்தியானம் நெஞ்சு விட்டு விட்டு அடிப்பது போலிருந்தது. ஈசிஜி எடுத்தார்கள். அதைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. சிஸ்டர் பரமேஸ்வரி கட்டிலடியில் பிளாஸ்க்கைத் திறந்து மோந்து பார்த்தார்.

“யாரு எளநி குடுத்தது? இதுல அம்புட்டும் பொட்டாசியம்! கிட்னி வேல செய்யாத ஆளுக்கு இது வெசம். ஹார்ட் நின்னுரும், தெரியுமா?”

உள்ளதைச் சொல்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, சந்தோஷம். அப்பாடா! குணா தப்பு செய்துவிட்டான். பதினைந்து வருஷத்தில் முதல் தப்பு, அதுவும் எல்லாருக்கும் முன்னால். சுண்ணாம்புச் சத்து ஊசியும், சர்க்கரையோடு இன்சுலினும் ஏற்றிக்கொண்டிருக்கும்போது நான் கழுத்தைத் திருப்பி அவன் முகத்தைத்தான் பார்த்தேன். அவன் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். “நானே கொன்னுருப்பேனே அண்ணே,” என்றான். வீட்டில் நான் குடித்த மூன்று இளநீரைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் அத்தை வந்தார். இன்றைக்காவது அவனுக்கு ஒரு திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவர் குணாவின் தலையைத் தடவி, “பாவம், மாப்ளைக்காக அம்புட்டுத் தூரம் போயிருக்காரு,” என்றார்.

அன்றைக்கு இரவுதான் பயம் வந்தது. நெஞ்சில் ஒட்டிய வயர்களோடு படுத்திருந்தேன். திரையில் என் நாடி ஓடிக்கொண்டிருந்தது. காலையில் கிரியேட்டினின் இன்னும் ஏறியிருந்தால் இயந்திரத்தில் போடுவோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூடவே ஒன்று சொன்னார். “ஏன் தசை உடைந்தது என்று தெரியாமல் உங்களை வீட்டுக்கு அனுப்ப எனக்குப் பயமாக இருக்கிறது. திரும்பவும் வரலாம்.” தேவகி நாற்காலியில் உட்கார்ந்தபடி, தலையை என் கட்டில் விளிம்பில் வைத்துத் தூங்கினாள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புவனா வந்தாள். ஆராய்ச்சியில் இருக்கிறவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் அவர்கள் வந்து விசாரிக்க வேண்டுமாம். குணாதான் தகவல் சொல்லியிருக்கிறான். மடிக்கணினியோடு வந்து கட்டிலருகில் நின்றாள்.

“ஒங்க வாட்ச்ல உள்ளத பாத்தேன் அங்கிள். ஒங்ககிட்ட மட்டும் பேசணும். இவங்க கொஞ்சம் வெளிய இருக்கட்டுமா?”

வெளியே அனுப்பினால் ஏதோ மறைக்கிறேன் என்றாகிவிடாதா? அதுவும் குணாவுக்கு முன்னால்? “இருக்கட்டும். எனக்கு என்னா ஒளிவு மறைவு,” என்றேன். என் வாய்க்கு என்றைக்குத்தான் அறிவு இருந்தது!

அவள் திரையைத் திருப்பினாள். “தெனமும் காலையில ஒங்க நாடி எகிறுது. மொதல்ல கொஞ்ச நேரம், வர வர ஜாஸ்தி. போன திங்கக்கெழம ஒரு மணி நேரத்துக்கு மேல நூத்தி அறுவதுக்குக் கீழ வரவே இல்ல. அப்ப என்ன செஞ்சீங்க?”

தேவகி என்னைப் பார்த்தாள். “அப்ப பிள்ளையார் கோயில்லதான் இருப்பாரு.”

“தோப்புக்கரணம்,” என்றேன். மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையன் குரலில் வந்தது.

“எத்தன?”

“ஆயிரத்தெட்டு.”

யாரோ பக்கத்தில் போய்க்கொண்டிருந்த டாக்டரைக் கூப்பிட்டார்கள். புவனா அவருக்கு மலாயில் விளக்கினாள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். “நான் உங்களிடம் நான்கு நாளாக இதைத்தானே கேட்கிறேன்,” என்றார். உட்கார்ந்து எழுவது தொடைத் தசையைக் கிழிக்கிற வேலை, பழகாத உடம்பு, பட்டினி, தண்ணீரும் இல்லை, இதைவிட வேறு காரணம் வேண்டுமா என்றார். எலிக் காய்ச்சல் ஊசியை அப்போதே நிறுத்தினார். காலையில் எடுத்த கிரியேட்டினின் நேற்றைவிட ஏறவில்லை, அப்படியே நிற்கிறது, காரணமும் தெரிந்துவிட்டதால் இன்னும் ஒரு நாள் இயந்திரம் இல்லாமல் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தோடு விட்டிருந்தால் நான் பக்திமானாகவே தப்பியிருப்பேன். புவனா இன்னொரு கோட்டை எடுத்தாள்.

“இது ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல அங்கிள். நாலு ஞாயித்துக்கெழமையும் ஒரு மணிக்கு நாடி நூத்தி இருவதுக்குப் போவுது. எறங்க சாயங்காலம் ஆவுது. ஆனா நீங்க ஒரு அடிகூட நடக்கல. உக்காந்துதான் இருக்கீங்க. அப்ப என்ன நடக்குது?”

நான் சலைன் சொட்டுவதைப் பார்த்தேன்.

“சாப்புட்டு போன் பாத்துக்கிட்டு இருப்பாரு,” என்றாள் தேவகி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் தாழ்ந்தது.

குணா தன் போனை எடுத்தான். விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒரு ஞாயிறு, அதற்கு முந்தின ஞாயிறு, அதற்கும் முந்தினது. அவன் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பும் போய்விட்டது.

“நாந்தாண்ணே போட்டோ போட்டேன்,” என்றான். “வீட்ல தனியா இருக்கீங்களேன்னு... ஒங்களையும் சேத்துக்கிட்ட மாரி இருக்கட்டும்னு போட்டேன்.”

புவனா ஒன்றும் கேட்காமல் கணினியை மூடிவிட்டாள். கெட்டிக்காரி. அவள் போனதும் குணாவும் கோப்பி வாங்கி வருவதாகக் கிளம்பினான். தேவகி என் மணிக்கட்டைப் பிடித்து அந்த வாட்சைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஒரு மீன் தலைக்காங்க?”

“அது மட்டும் இல்ல.”

“வேற என்னா?”

வேறு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். சிரிக்கிறான், ஓடுகிறான், எல்லாருக்கும் பிடிக்கிறது. சொன்னால் இன்னும் கேவலமாக இருந்தது. “தலைக்குத்தான்,” என்றேன். அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

மறுநாள் கிரியேட்டினின் கொஞ்சம் இறங்கியது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். தேவகி தினமும் காலையில் கட்டிலோரப் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கோப்பி ஓ போய், பால் கலக்காத தேத்தண்ணியான தே ஓ ஆனது. தே ஓ போய்ப் பெட்டியில் விற்கிற வெளிர்மஞ்சள் கிரிசாந்திமம் டீ ஆனது. அந்த நிறம் வந்த அன்றைக்கு அவள் பையை சிஸ்டர் பரமேஸ்வரியிடம் காட்டி, பரீட்சையில் பிள்ளை பாஸான மாதிரி சந்தோஷப்பட்டாள்.

இதற்கு நடுவில் தைப்பூசம் வந்துவிட்டது. என் பால்குடத்தைத் தான் எடுப்பதாகக் குணா கிளம்பினான். பார்த்தீர்களா, அதையும்! நல்லவேளை, அத்தையே தடுத்துவிட்டார். “போன வாரம் வரைக்கும் மீனு தின்னுட்டு எப்டி மாப்ள எடுப்பீங்க?”

“நான் எடுக்குறேன்,” என்றாள் தேவகி. “நானுந்தான் அவரோட ஒரு வேளச் சாப்பாடா வெரதம் இருக்கேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனை வாரமும் ஒரே மேசையில் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டில் என்ன இருந்தது என்று நான் பார்த்ததே இல்லை. நான் காம்பார் தட்டைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசத்தன்று மத்தியானம் மஞ்சள் சேலையோடு வார்டுக்கு வந்தாள். வெறுங்காலில் தார் ரோட்டில் நடந்து பாதம் கொப்பளித்திருந்தது. என் நெற்றியில் விபூதி பூசினாள்.

“என்ன வேண்டிக்கிட்ட?” என்று கேட்டேன்.

“வெளிய சொல்லக் கூடாது,” என்றாள்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, பில்லைவிடக் கார் நிறுத்திய செலவுதான் அதிகம். இப்போது சிறுநீரகம் கிட்டத்தட்ட பழையபடி இருக்கிறது. தினமும் நடக்கிறேன், நடை மட்டும். பிள்ளையாருக்கு மூன்றோடு சரி. இரண்டாவது சோதனைக்கு என்னைக் கூப்பிடவில்லை. குணாவுக்குப் போன தடவையைவிட இன்னும் சீக்கிரம் இறங்கியதாம். அவன் சொல்லவில்லை, நானாகத்தான் தேவகியின் தங்கையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கும் கொஞ்சம் எரியத்தான் செய்தது.

டாக்டர் கொஞ்சமாக மீன் சாப்பிடலாம் என்று சொன்ன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, குணா குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்தது. தேவகி பசாரிலிருந்து பெரிய மீனாக வாங்கி வந்து கறி வைத்திருந்தாள். எல்லாரும் உட்கார்ந்தோம். அத்தை அகப்பையில் தலையை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். என் தட்டைப் பார்த்தார், குணா தட்டைப் பார்த்தார்.

“அண்ணனுக்கு,” என்றான் குணா.

“தம்பிக்கு,” என்றேன் நான். இதிலாவது அவனை முந்தலாம் என்று பார்த்தால், ஒரு நொடி பிந்திவிட்டேன்.

தேவகி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அம்மா கையிலிருந்து அகப்பையை வாங்கினாள். தலையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கன்னத்துச் சதையை நோண்டி எடுத்தாள். கண்ணைத் தின்றாள். எலும்பை ஒவ்வொன்றாக உறிஞ்சிக் கழித்தாள். எத்தனையோ நாள் பழகியவள் போல, எந்த எலும்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“ஒனக்கு மீன் தல புடிக்குமா?” என்று கேட்டேன்.

“இருவத்திரண்டு வருசமா நாந்தானே ஆக்குறேன்,” என்றாள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். “அந்த வாட்ச்ச எனக்குக் கட்டிவிட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அத்தை மெதுவாக உட்கார்ந்தார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை, நானும் குணாவும் ஆளுக்கொரு வால் துண்டை வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.